விரிசல் விட்ட அடுப்புக்கு என்ன விலை?

ஓட்டல் ஒன்றை மூடினால் கிரைண்டரும் ஃபிரிட்ஜும் ஓரிரு நாளில் விலைபோய்விடும். பெஞ்சு, மேசைக்கும் ஆள் வந்துவிடும். விறகடுப்பு மட்டும் கொல்லையில் கிடந்து, மழையில் நனைந்து, துருவேறி, கடைசியில் காயலான் கடைக்குப் போய்ச் சேரும். கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வரையிலான வட்டாரத்தில் அப்படிப்பட்ட கடைகளுக்குப் பஞ்சமில்லை. இங்குள்ள இரும்பு உருக்காலைகளுக்கும் ரீரோலிங் மில்களுக்கும் பழைய இரும்புதான் தீனி. தொழிற்சாலைகள் கழித்துப்போட்ட தகடு, பேரல், குழாயோடு சேர்ந்து அடுப்பும் வந்து குவிகிறது. ஒன்றுக்குக் கால் இல்லை, இன்னொன்றுக்குக் கதவு தொங்குகிறது, மூன்றாவதன் அடியில் ஓட்டை, நான்காவதில் குறுக்கே விரிசல்.

வாங்கவும் ஆள் இருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளையும் ஷிஃப்டு முடிந்து வருகிறவர்களையும் நம்பி டிபன் கடை போட நினைப்பவர், 'விறகடுப்பு பிரியாணி' என்று போர்டு மாட்ட விரும்புகிறவர், கோயில் அன்னதானத்துக்குப் பொறுப்பேற்றவர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் கூட்டாகத் தங்கிச் சமைக்கும் தொழிலாளர்கள் என்று பலர். புது அடுப்பின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கிறதே என்று நின்று பார்ப்பார்கள். "ஒரு வெல்டு வெச்சா புதுசு மாதிரி ஆயிடும்ணா" என்பார் கடைக்காரர்.

அந்தப் பேச்சு சில அடுப்புகளுக்கு உண்மை. சில அடுப்புகளைப் பொறுத்தவரை ஆபத்தான பொய். எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சுத்தியல், டார்ச் லைட், சாக்பீஸ், கொஞ்சம் மண்ணெண்ணெய், தராசு ஆகியவை போதும். அவற்றை எங்கே வைத்துப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த இரும்படுப்பிலும் இரண்டு விதமான பாகங்கள் இருக்கின்றன. தீயில் வெந்து தேய்வதற்கென்றே வைக்கப்பட்டவை ஒரு விதம்: விறகு உட்காரும் கம்பித் தட்டி, உள்சுவரில் அடுக்கிய தீக்கல், கதவோரம் சுற்றிய கயிறு, புகைக்குழாயின் முதல் முழம். இவை உடைந்திருந்தால் அது வெறும் செலவுக் கணக்கு. தீயை அடைத்து, பாத்திரத்தின் பாரத்தைத் தாங்கி, புகைக்கு வழிவிடும் உடம்பு இன்னொரு விதம். அது போயிருந்தால் பேரமே பேச வேண்டியதில்லை. நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இரண்டாக உடைந்த தட்டியைப் பார்த்ததும் முகம் சுளித்து நகர்ந்துவிட்டு, சில்வர் பெயின்ட் பளபளக்கும் அடுப்புக்குப் பணத்தை நீட்டுகிறார்கள். பெயின்டுக்கு உள்ளே தகடு அப்பளமாகியிருப்பது முதல் வாரத்து அண்டாவை ஏற்றும்போதுதான் தெரிகிறது.

தட்டியிலிருந்து தொடங்கலாம். நல்ல அடுப்புகளில் அது வார்ப்பிரும்பில் இருக்கும். வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் உண்டு. அதனால் சூட்டைத் தாங்கும், ஆனால் வளைந்துகொடுக்காது, அதிர்ந்தால் உடையும். வருடக்கணக்கில் பழுத்துப் பழுத்து ஆறும்போது அது சற்றே பெருத்து, கோணி, மயிரிழை விரிசல் விடும். கடை மூடும் நேரத்தில் எரிகிற அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி அணைக்கும் பழக்கம்தான் அதற்குப் பெரிய எமன். சிவந்த இரும்பில் தண்ணீர் பட்ட கணத்திலேயே விரிசல் ஓடிவிடும். தட்டியைக் கையில் தூக்கிப் பிடித்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் முழுதாக இருப்பது கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது 'டப்'பென்று செத்த ஓசை தரும்.

உடைந்த தட்டிக்கு வெல்டு வைக்கலாமா? வைக்கவே கூடாது என்பதல்ல. அந்த இடத்தில் அது நிற்காது. வார்ப்பிரும்பை ஒட்டுவதற்கு நிக்கல் ராடு வேண்டும். ஒட்டுவதற்கு முன் துண்டை முழுதும் சூடேற்ற வேண்டும், ஒட்டிய பின் சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். சாதாரண ராடு போட்டு அவசரமாக ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு விரிசல் பிளந்துகொள்ளும். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இதற்கு எளிய வழி இருக்கிறது. 16 அல்லது 20 மில்லிமீட்டர் கம்பித் துண்டுகளை அளவாக வெட்டி, ஒட்டாமல் வரிசையாக அடுக்கிவிடலாம். அது வளையும், உடையாது. வளைந்தால் திருப்பிப் போட்டு இன்னும் சில மாதம் ஓட்டலாம். ஆகவே தட்டி உடைந்த அடுப்பைக் கண்டால் வாங்குகிறவர் சந்தோஷப்பட வேண்டும். விலையைக் குறைக்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

உடம்பு விஷயம் வேறு. அங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது வார்ப்பா, தகடா என்பது. பட்டறையில் கிரைண்டரை லேசாகத் தொட்டுக் காட்டச் சொன்னால் பொறியே சொல்லிவிடும். வார்ப்பிரும்பின் பொறி மங்கிய சிவப்பாகக் குட்டையாக விழும். தகட்டின் பொறி மஞ்சளாக நீண்டு பாயும். வார்ப்பு உடம்பில் கதவுச் சட்டத்தின் நான்கு மூலைகளையும் உற்றுப்பார்க்க வேண்டும். விரிசல் பெரும்பாலும் மூலையில்தான் பிறக்கும்.

கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டிக்கொடுக்கப் பழைய மெக்கானிக்குகள் கையாளும் முறை ஒன்று உண்டு. சந்தேகமான இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவ வேண்டும். கிடைக்காவிட்டால் டீசல் போதும். கால்மணி நேரம் விட்டுவிட்டு, துணியால் ஈரம் போக அழுத்தித் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையடித்தாற்போலப் பூச வேண்டும். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் சிறிது நேரத்தில் வெளியே கசிந்து, வெள்ளைப் பரப்பில் பென்சில் கோடு போலக் கறுத்துத் தெரியும். சாக்பீஸை உட்பக்கமும் பூசிப் பார்க்க வேண்டும். கோடு ஒரு பக்கம் மட்டும் என்றால் மேலோட்டமான காயம். இரு பக்கமும் தெரிந்தால் ஊடுருவிய விரிசல். பாரம் ஏறாத பக்கச் சுவரில் இருக்கும் சிறு விரிசலின் இரு முனைகளிலும் சின்னத் துளை போட்டால் அது மேலே ஓடாமல் நிற்கும்; துளையைப் பிறகு தீக்களிமண்ணால் அடைத்துவிடலாம். அண்டா உட்காரும் வளையத்திலோ காலோடு சேரும் இடத்திலோ விரிசல் என்றால் அந்த அடுப்பை வாங்கக் கூடாது. கொதிக்கும் சாம்பாரோடு ஐம்பது லிட்டர் அண்டா சரிந்தால் என்ன ஆகும் என்று சமையல்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தகட்டு அடுப்புக்குத் தராசே சாட்சி. எஃகுத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ எடை இருக்கும். அறுபது சென்டிமீட்டர் நீள அகல உயரத்தில், மேல்பக்கம் திறந்த பெட்டி அடுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டால் ஐந்து பக்கமும் சேர்ந்து 1.8 சதுர மீட்டர். 3 மில்லிமீட்டர் தகட்டில் செய்திருந்தால் தகடு மட்டும் 42 கிலோ இருக்க வேண்டும். ஆதியில் என்ன கனம் என்பதைத் தீ படாத மேல் விளிம்பில் வெர்னியர் வைத்து அளந்துகொள்ளலாம். கால், கதவு, தட்டியின் எடையைக் கழித்த பிறகு முள் 30 கிலோவில் நின்றால், கால்வாசிக்கும் மேல் இரும்பு செதிலாக உதிர்ந்துபோய்விட்டது என்று பொருள். அதுவும் எல்லா இடத்திலும் சமமாக உதிராது. சாதாரண இரும்புத் தகடு 550 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வேகமாகச் செதில் விடத் தொடங்கும். தணல் படுகிற அடிப்பக்கத்துச் சூடு அதைவிட மிக அதிகம். போதாக்குறைக்கு அடியில் தங்கிய சாம்பல் மழை ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு துருவை வளர்க்கும். 30 கிலோ காட்டும் அடுப்பின் அடித்தகடு சுத்தியல் முனையாலேயே ஓட்டையாகும் நிலையில் இருக்கலாம். அதனால்தான் தட்டிப் பார்க்கும்போது மேல் விளிம்பை விட்டுவிட்டு அடியில் தட்ட வேண்டும்.

புதுப் பெயின்ட் அடித்த பழைய அடுப்பை யாரும் நம்பக் கூடாது. பெயின்டுக்குக் கீழே எபாக்சி பசையால் விரிசலை அடைத்திருப்பார்கள். அந்தப் பசை தணல் சூட்டில் முதல் நாளே கருகி உதிரும், நெடியும் எழும்பும். இருட்டான மூலைக்கு அடுப்பைத் தள்ளி, உள்ளே டார்ச்சை எரியவிட்டு, வெளியிலிருந்து சுற்றிப் பார்த்தால் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பின்னால் புகை கசியப்போகும் இடம்.

உள்ளே இருக்கும் தீக்கல் உடைந்திருந்தால் கவலை வேண்டாம். பட்டறைகளில் ஃபயர் பிரிக் என்று கேட்டால் கொடுப்பார்கள். 230 மில்லிமீட்டர் நீளம், 115 அகலம், 75 கனம் கொண்டது வழக்கமான கல். அதை சிமென்ட் கலவையில் பதிக்கக் கூடாது. சிமென்ட் அந்தச் சூட்டில் பொடிந்துவிடும். ஃபயர் கிளே எனப்படும் தீக்களிமண் சாந்து வேண்டும். இந்த வட்டாரத்தில் ஒரு தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஆலைகளில் உலையைப் பிரித்துக் கட்டும்போது கழிக்கும் கற்கள் மலிவாக வெளியே வரும். வெளிர் மஞ்சளாக இருக்கும் சாதாரணக் களிமண் கல் என்றால் எடுத்துக்கொள்ளலாம். கரும்பழுப்பாக, அதே அளவுக்கு அசாதாரணக் கனமாக இருந்தால் அது குரோமியம் கலந்த கல்லாக இருக்கக்கூடும். உணவு வேகும் இடத்துக்கு அது வேண்டாம்.

அதே எச்சரிக்கை புகைக்குழாய்க்கும் பொருந்தும். அரசு கொடுத்த பழைய புகையில்லா அடுப்புகளோடு வந்தவை பெரும்பாலும் கல்நார் சிமென்ட் குழாய்கள். உடைந்த குழாயை அளவுக்கு வெட்டிப் பொருத்தலாம் என்று ஆக்சா பிளேடை எடுத்தால் கல்நார் இழை தூசியாகப் பறக்கும். அது நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாகலாம். உலைக் கதவுகளிலிருந்து கழற்றிய வெள்ளைக் கயிறும் கல்நாராக இருக்கலாம். இரண்டையும் காசு கொடுத்து வாங்காமல், நான்கு அங்குல இரும்புக் குழாயும் கண்ணாடி இழைக் கயிறும் புதிதாக வாங்குவதே நல்லது. மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அது.

தொழிற்பேட்டைப் பக்கத்தில் இன்னொரு ரகமும் கண்ணில் படும்: 200 லிட்டர் பேரலை அறுத்துச் செய்த அடுப்பு. செய்வதற்கு எளிது, தூக்குவதற்கும் லேசு. அந்தப் பேரலில் முன்பு என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. எண்ணெயா, சாயமா, கரைப்பானா, பூச்சிமருந்துக்கான மூலப்பொருளா? லேபிள் கிழிந்த பேரலுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் செய்த அடுப்பும் சிக்கல்தான். துத்தநாகம் 420 டிகிரிக்குச் சற்று முன்பே உருகி, 907 டிகிரியில் ஆவியாகும். அந்த வெண்புகையை மூச்சில் இழுத்தவர்களுக்கு அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். வெல்டர்களுக்கு நன்கு பழக்கமான காய்ச்சல் அது.

ஃபேன் வைத்த அடுப்புகளை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். 12 வோல்ட் ஃபேனும் அடாப்டரும் போயிருந்தால் மாற்றுவது சுலபம். காற்றுத் துளைகள் உள்ள உள்குழல் கருகிக் கிழிந்திருந்தால் அதே அளவில் இன்னொன்று கிடைப்பது கடினம். அதைவிட முக்கியமானது, அந்த அடுப்பு எதைத் தின்னும் என்பது. 'ஊர்ஜா' அடுப்பின் கதை இதற்குச் சரியான பாடம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தில், பிபி நிறுவனம் 2000களின் நடுவில் கொண்டுவந்த பெல்லட் அடுப்பு அது. புகை மிகக் குறைவு, சமையல் வேகம். சுமார் நான்கு லட்சம் அடுப்புகள் விற்றன. ஆனால் அது விவசாயக் கழிவை அழுத்திச் செய்த குச்சி உருண்டைகளை மட்டுமே ஏற்கும். கழிவுக்குத் தொழிற்சாலைகளும் போட்டியிட, பெல்லட் விலை ஏறியது, வீடுகளுக்கு வரத்துக் குறைந்தது. எந்தப் பழுதும் இல்லாமலே அடுப்புகள் பரண் ஏறின. கவரைப்பேட்டையில் ஒருவர் பழைய பெல்லட் அடுப்பை வாங்க நினைத்தால், அடுப்பைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன் மாதாமாதம் பெல்லட் கொடுக்கும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

நீராவி பாய்லர் வைத்த இட்லி அடுப்பில் நீராவிக் கலம் விரிசல் என்றால் அதைத் தொடவே கூடாது. 25 லிட்டரோ அதற்கு மேலோ கொள்ளளவும், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவோ அதற்கு மேலோ அழுத்தமும் கொண்ட பாய்லர்கள் முன்பு 1923ஆம் ஆண்டு சட்டத்துக்கும், இப்போது அதன் இடத்தில் வந்த 2025ஆம் ஆண்டு பாய்லர் சட்டத்துக்கும் உட்பட்டவை. அவற்றைப் பழுதுபார்க்க அதிகாரியின் அனுமதியும் தகுதிச் சான்று பெற்ற வெல்டரும் வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் அடுப்பு நிற்குமா என்பதைப் பற்றி. நின்றாலும் அது விறகை விழுங்குமா என்பது தனிக் கேள்வி. உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது. காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 16 மெகாஜூல் ஆற்றல் உண்டு. மூன்று கல் அடுப்பு அதில் 10 முதல் 15 சதவீதத்தைத்தான் பாத்திரத்துக்குத் தரும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 13152இன்படி சாதாரண விறகடுப்பு குறைந்தது 25 சதவீதமும், ஃபேன் வைத்தது 35 சதவீதமும் தர வேண்டும். பழைய அடுப்பின் திறனைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பத்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 2.93 மெகாஜூல் வேண்டும். அப்படியானால் 25 சதவீதத் திறனுள்ள அடுப்பு முக்கால் கிலோ விறகில் அதைச் செய்துவிடும். 12 சதவீதத்தில் ஓடும் அடுப்புக்கு ஒன்றரைக் கிலோ தேவைப்படும். விறகை எடைபோட்டு, அடுப்பைப் பற்றவைத்து, கொதித்ததும் மிச்சத்தை எடைபோட்டால் விடை கையில். விறகு மட்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீர்.

இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்று பார்க்கலாம். நல்ல அடுப்பில் ஒரு டிபன் கடைக்கு நாளைக்கு 30 கிலோ விறகு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீதம் 15ஆக இறங்கினால் அதே வேலைக்கு 50 கிலோ வேண்டும். கிலோ ஆறு ரூபாய் என்றே கணக்கிட்டாலும் நாளுக்கு 120 ரூபாய், மாதத்துக்கு 3,600 ரூபாய் கூடுதல். பழைய அடுப்பு வாங்கி மிச்சம்பிடித்த பணம் இரண்டு மூன்று மாதத்தில் புகையாகப் போய்விடும்.

திறன் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் பெரிய உடைசல் அல்ல. அண்டாவுக்கும் வளையத்துக்கும் இடையில் விழுந்த அகலமான சந்து, மூடாத கதவு, பாதி அடைத்த புகைக்குழாய் போன்ற சில்லறைப் பழுதுகள்தான். இந்த நாட்டில் புகையில்லா அடுப்பின் வரலாறே அதற்குச் சாட்சி. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி. ராஜு வடிவமைத்த அடுப்பைப் பற்றிய நூல் 1953இல் சென்னையில் அச்சாகி வெளிவந்தது. 1980களின் நடுவில் மத்திய அரசு தேசியத் திட்டமாகவே இதை எடுத்துக்கொண்டு, 2002இல் முடிக்கும்வரை மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது. அவற்றில் பெரும்பகுதி பராமரிக்க ஆளின்றிச் சிதைந்தது. ஒடிசாவில் ரெமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் சுமார் 2,600 வீடுகளை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். புது அடுப்பால் முதல் ஆண்டில் புகை குறைந்தது; பிறகு அந்தப் பலன் மறைந்தது. அடுப்பில் விரிசல் விழுந்தது, புகைக்குழாய் அடைத்தது, சரிசெய்ய யாரும் மெனக்கெடவில்லை. நல்ல அடுப்புக்கே இந்தக் கதி என்றால், ஏற்கெனவே பழுதான அடுப்பை வாங்குகிறவர் அதைப் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கத் தயாராக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை குழாயைத் தட்டிக் கரி எடுக்க நேரம் இல்லாதவருக்கு எந்தப் பழைய அடுப்பும் லாபமில்லை.

புகையை வெறும் தொந்தரவாக எண்ணுவது பழக்கதோஷம். போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழகக் கிராமச் சமையலறைகளில் நுண்துகளை அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், விறகில் சமைப்பவர்தான் அதிகத் துகளைச் சுவாசிக்கிறார் என்றும் சமைக்காமல் அதே வீட்டில் இருப்பவரும் தப்புவதில்லை என்றும் தெரியவந்தது. தணலில் புகையே தெரியாத நேரத்திலும் கார்பன் மோனாக்சைடு இருக்கும். 2024இல் கொடைக்கானலில் அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் இறந்தது அதனால்தான். ஜன்னலைத் துணியால் அடைத்த லைன் வீட்டு அறைக்குள் கசியும் அடுப்பை இறக்குவதற்கு எந்த விலையும் நியாயமாகாது. வெளித்திண்ணையோ தகரக் கூரையின் கீழ் நான்கு பக்கமும் திறந்த இடமோ இருந்தால்தான் பழைய அடுப்பைப் பற்றிய பேச்சே எடுக்க வேண்டும்.

பழைய அடுப்பை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்குக் குளிர்நாடுகளில் சட்டமே ஓரளவு பதில் சொல்லிவிட்டது. வீட்டைச் சூடாக்கும் விறகடுப்புக்கு அமெரிக்கா 1988இல் புகை வரம்பு விதித்தது. ஓரிகன் மாநிலத்தில் வீட்டை விற்கும்போது சான்றில்லாத பழைய அடுப்பைக் கழற்றி அழித்தாக வேண்டும். மொன்டானாவின் லிபி என்ற சிற்றூரில் 2005 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய அடுப்புகளை மாற்றினார்கள். ஊர்க்காற்றில் துகள் கணிசமாகக் குறைந்தது. இலங்கையில் வேறு வழி. அங்கே குயவர்கள் செய்யும் 'அனகி' என்ற இரட்டைவாய் மண் அடுப்பு பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. 2022இல் காஸ் கிடைக்காமல் நகரத்து வீடுகளும் விறகுக்குத் திரும்பியபோது அத்தகைய அடுப்புகளே கைகொடுத்தன. மண் அடுப்பு வெடித்தால் யாரும் அதைப் பழைய விலைக்கு வாங்குவதில்லை; புதியதே மலிவு. வீட்டுச் சமையலுக்கு மட்டும் அடுப்பு தேடுகிற கவரைப்பேட்டைக் குடும்பத்துக்கும் அந்த வழிதான் பொருந்தும். செகண்ட்ஹேண்ட் இரும்படுப்பு பெரிய அண்டா வைப்பவர்களுக்கான பொருள்.

விறகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சவுக்கும் சீமைக்கருவேலும் நல்ல சூடு தரும். ஆனால் தொழிற்பேட்டையில் சுலபமாகக் கிடைப்பது இயந்திரங்கள் வந்த மரப்பெட்டியும் பாலெட்டும். இறக்குமதிப் பாலெட்டில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை குத்தியிருப்பார்கள். அதில் 'எச்டி' என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் அரைமணி நேரம் சூடேற்றியது என்று பொருள். 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது. எம்பி முத்திரை போட்டது, பெயின்ட் அடித்தது, பிளைவுட், ரசாயனம் சிந்தியது எதையும் உணவு அடுப்பில் எரிக்கக் கூடாது.

இனி விலை. பழைய அடுப்புக்கு அடிமட்ட விலை ஒன்று உண்டு: அன்றைய பழைய இரும்பு விலை. கடைக்காரர் அதை எடைக்குத்தான் வாங்கியிருப்பார். ஆகவே எடையைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் எவ்வளவு கேட்கிறார் என்பதை மட்டும் பேரம் பேச வேண்டும். பேசுவதற்கு முன் வெல்டரிடம் போட்டோவைக் காட்டிச் செலவைக் கேட்டுக்கொள்வது நல்லது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே அப்படியே நடக்கும். குட்டியானை வாடகை, தீக்கல், குழாய், வெல்டு எல்லாம் சேர்ந்து அடுப்பின் விலையைத் தாண்டிவிடும். வாங்கிய விலை, பழுதுபார்ப்பு, வண்டிக் கூலி மூன்றும் சேர்ந்து புது அடுப்பின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடலாம். ஏற்கெனவே பாதி ஆயுளைத் தின்று முடித்த தகடு அதற்கு மேல் உழைத்துக் கொடுக்காது. கடையிலேயே ஒருமுறை பற்றவைத்துக் காட்டச் சம்மதிக்காதவரிடம் முன்பணம் கொடுக்கவும் வேண்டாம்.

காஸோடும் ஒரு வார்த்தை ஒப்பிட்டுவிட வேண்டும். ஒரு கிலோ காஸ் பாத்திரத்துக்குத் தரும் சூடு நல்ல விறகடுப்பில் ஏறத்தாழ 7 கிலோ விறகுக்கும், கசிகிற மோசமான அடுப்பில் 14 கிலோவுக்கும் சமம். அன்றைய விறகு விலையை ஏழாலும் பதினான்காலும் பெருக்கி காஸ் விலையோடு வைத்துப் பார்த்தால், பழைய அடுப்பு யாருக்கு லாபம் என்பது தெரிந்துவிடும். ரேஷன் கார்டு இல்லாத வெளிமாநிலத் தொழிலாளருக்கு முகவரிச் சான்று இல்லாமலே 5 கிலோ சிலிண்டர் கிடைக்கிறது. நான்கைந்து பேர் சமையலுக்கு அதுவே பல நேரம் மலிவு, மூச்சுக்கும் நல்லது.

உடம்பு போன அடுப்பிலும் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும். முழுதாக இருக்கும் வார்ப்புக் கதவு, அதன் சட்டம், உடையாத தட்டி, அண்டா வளையம் ஆகியவற்றை மட்டும் கழற்றித் தரச் சொல்லி எடைக்கு வாங்கலாம். உடம்பைச் செங்கல்லும் களிமண்ணும் உமியும் வைத்துத் திண்ணையோரம் கட்டி, தீ படும் உள்வரிசைக்குத் தீக்கல் பதித்தால், இடம் மாறாத கடைக்கு இரும்புப் பெட்டியைவிட அது நன்றாக உழைக்கும். சுவர் கனமாக இருப்பதால் பக்கத்தில் நிற்பவரையும் சுடாது. கட்டிய பிறகு பத்து நாளாவது நிழலில் காயவிட்டு, முதல் இரண்டு மூன்று நாள் சுள்ளியில் சிறு தீ மட்டும் போட வேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே சவுக்குக் கட்டையைத் தள்ளினால் ஈரம் ஆவியாகிப் புது அடுப்பிலும் விரிசல் விழும்.